மைனரின் முன்சில்லும் அம்பாசடரின் முன்வீலும்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு மொரிஸ் மைனரின் இடது முன்ரயர் வெளிப்பக்கமாகத் தேயத் தொடங்கியபோது அப்பா அதைக் கராஜுக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போயிருந்தேன். மெக்கானிக் பொனற்றைத் திறக்கவே இல்லை. குந்தியிருந்து ரயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறை தடவினார். பிறகு வெளியிலிருந்து உள்ளே. என் கையையும் பிடித்து அப்படியே தடவ வைத்தார். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போனது, மறுதிசையில் அரம் போலப் பிடித்தது.

“வெளியாலை போகேக்கை வெட்டுதெல்லே? டோ-இன் கூடிப்போச்சு. முந்தி ஆரோ டை ரொட்டைத் திருகி வைச்சிருக்கினம். ஏன் திருகினவை எண்டுதான் இப்ப பாக்கவேணும்.”

டோ-இன் என்றால் முன்சில்லுகள் இரண்டும் முன்னால் உள்நோக்கி நெருங்கி நிற்பது. டை ரொட் அவற்றைத் திருப்பும் தண்டு. அந்த ‘ஏன்’ எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. பல வருடங்கள் கழித்துச் சென்னையில் ஓர் அம்பாசடரை வைத்திருந்தபோது, அது ஒருபக்கம் இழுக்க, அதே நோய்க்கு வேறு வைத்தியம் கண்டேன். அலைன்மென்ட் கடையில் நான்கு வீலிலும் சென்சர்களை மாட்டினார்கள், திரையில் சிவப்பு எண்கள் வந்தன, இளைஞர் ஸ்பேனரால் டை ரொட்டைத் திருகினார், எண்கள் பச்சையாயின. இருபது நிமிடம்தான். “சார், பக்கா. இனிமே இழுக்காது” என்றார். மூன்று மாதத்தில் மறுபடி இழுத்தது. மறுபடி போனேன், மறுபடி பச்சை வந்தது.

இரண்டு காரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதால்தான் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மைனர் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்தது. அம்பாசடர், மொரிஸ் ஒக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரின் இந்தியப் பதிப்பு. 1950களின் பிற்பகுதியில் வங்காளத்தின் உத்தர்பாராவில் தொடங்கி 2014 வரை அதைச் செய்தார்கள். இரண்டிலும் முன்பக்கத்தைத் தாங்குவது சுருள் வில் அல்ல. காரின் நீளவாக்கில் கிடக்கும் டோர்ஷன் பார் என்ற இரும்புத் தண்டு முறுகி நின்று பாரத்தைச் சுமக்கிறது. இரண்டிலும் ஸ்டியரிங் ரக் அன்ட் பினியன் வகை.

மைனரைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று உண்டு. அதில் சரிசெய்வதற்கென்று விட்டு வைத்திருப்பது டோ ஒன்றுதான். சில்லு மேலே சாயும் கேம்பர் 1 பாகை, சில்லு திரும்பும் அச்சான கிங் பின் பின்சாயும் காஸ்டர் 3 பாகை என்று தொழிற்சாலை தீர்மானித்துவிட்டது. அவற்றை மாற்ற எந்தத் திருகாணியும் கிடையாது. எனவே கேம்பர் பிசகியிருந்தால் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, வளைந்திருக்கிறது அல்லது டோர்ஷன் பார் தளர்ந்து உடல் தாழ்ந்திருக்கிறது. தேய்ந்த மூட்டை அப்படியே விட்டு டோவை மட்டும் நேராக்கினால், ரயர் கொஞ்சக் காலம் பொய் சொல்லும். அவ்வளவுதான்.

யாழ்ப்பாண மெக்கானிக் அடுத்து ஜாக்கி போட்டார். சில்லு தரையை விட்டு எழும்பியதும் மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அப்பாவைக் காருக்குள் ஏறி பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்த பிறகும் அதே சத்தம். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றிருந்தால் குற்றவாளி பெயரிங். நிற்காவிட்டால் கிங் பின் பக்கம். பிறகு இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார், அது டை ரொட் முனைகளுக்கான பரிசோதனை. மூன்று நிமிடத்தில் கையும் காதும் சொல்லிவிட்டன: கீழ் ட்ரன்னியனின் மரை தேய்ந்துவிட்டது.

இந்த ட்ரன்னியன்தான் மைனரின் உயிர்நிலை. கிங் பின்னின் இரு முனையிலும் மரை வெட்டியிருக்கும். ட்ரன்னியன் அதில் திருகி நிற்க, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையிலேயே சில்லு சுழல்கிறது. கிறீஸ் காணாமல் காய்ந்தால் மரை தின்னப்படும். ஒருநாள் மரை முழுக்கக் கழன்று சில்லு காருக்கடியில் மடங்கிவிடும். மைனர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் யாரோ ஒருவரின் காருக்கு அப்படி நடந்த கதையைக் கேட்டிருப்பார்கள். ஆகவே முன்பக்கத்தைப் பார்ப்பது ரயரைக் காப்பாற்றும் வேலை மட்டுமல்ல, உயிர் காக்கும் வேலை.

இனி உதிரிப்பாகம். இங்கேதான் இரு நாடுகளும் பிரிகின்றன. இந்தியாவும் இலங்கையும் இறக்குமதிக் கதவை அடைத்து வைத்திருந்த நாடுகள்தான், ஆனால் அடைத்த விதம் வேறு. இந்தியா வெளிக்காரை மறித்துவிட்டு உள்ளே தானே செய்தது. ஒரே வடிவத்தை ஐம்பத்தைந்து ஆண்டுக்கு மேல் செய்ததில் காரோடு சேர்ந்து அதன் ஒவ்வொரு புஷ்ஷும் பின்னும் சந்தைக்கு வந்தன. சென்னைப் புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும், கடைகளில் புதியதும் கிடைக்கும். இலங்கை கார் செய்யவில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதி நெருக்கப்பட்டபோது முன்னர் வந்திருந்த ஒஸ்ரினும் மொரிஸும் தேய்ந்தபடியே ஓடின. 1977இல் கதவு திறந்ததும் நாட்டின் தெற்கு, ஜப்பான் கார்களுக்கு மாறியது. வடக்கு கொஞ்சமும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போரில் 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்ததும் மறுபடி 1950களின் கார்கள்தான் எங்களைத் தாங்கின. பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின் ஏ40 சோமர்செட்டுகளை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாகம் வராத ஊரில் என்ன செய்வது? கழித்துவிட்ட காரிலிருந்து எடுப்பது ஒரு வழி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மைனரின் கிங் பின்னில் ஒரு பக்கத்துக்கு வல மரை, மற்றப் பக்கத்துக்கு இட மரை. வலப்பக்கத்துப் பின் இடத்துக்கு உதவாது. எங்கள் வீதிகளில் ஓரத்துக் குழிகளில் அடிபடுவது இடது சில்லு. எல்லோருக்கும் வேண்டியதும் இடதுதான். கழித்த கார் ஒன்று ஒரே ஒரு இடதைத்தான் தரும். ஏ40இன் கிங் பின் புஷ்ஷுக்குக் கடைச்சல் பட்டறையில் வெண்கலத்தைக் கடைந்து போடலாம், ரீமர் விட்டு அளவெடுத்துப் பொருத்தலாம். மைனரின் மரைக்கு அப்படி எளிதில் முடியாது. அதனால்தான் எங்கள் மெக்கானிக் கிறீஸ் விடயத்தில் அவ்வளவு கண்டிப்பு. தேய்ந்த பிறகு மருந்தில்லை என்று அவருக்குத் தெரியும். தென்னிலங்கையில் பின்னாளில் மைனரின் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய ஒரு தொழிற்சாலை உருவானது. போர்க்கால யாழ்ப்பாணத்துக்கு அது வேறு கிரகம்.

சென்னையில் பாகம் எப்போதும் கிடைக்கும். அதனால் பாகத்தை மாற்றிப் பார்த்தே நோயைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வளர்ந்தது. முதலில் ஷாக், பிறகு புஷ், பிறகு டை ரொட் முனை, கடைசியில் அலைன்மென்ட். ஓட்டுநர் மாதச் சம்பளக்காரர், வண்டி நாளைக்கே வேலைக்குப் போக வேண்டும். வேகமாக மாற்றுவதில் ஒரு நேர்மையான கணக்கும் இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. என் வருத்தம் ஒன்றுதான்: சென்சரை மாட்டுவதற்கு முன் ஜாக்கி போடும் அந்த மூன்று நிமிடம் எங்கோ தொலைந்துபோய்விட்டது.

அளவெடுக்கும் கலையிலும் வேறுபாடு உண்டு. எங்கள் மெக்கானிக் ரயரைச் சுழல விட்டு ஆணி முனையால் ஒரு மெல்லிய கோடு கீறுவார். காரை இறக்கி முன்னால் கோட்டுக்குக் கோடு தடியால் அளப்பார். பிறகு காரைத் தள்ளிச் சில்லை அரைச்சுற்று உருட்டி, அதே கோடு பின்னால் வந்ததும் மறுபடி அளப்பார். ஒரே புள்ளியை இருமுறை அளப்பதால் றிம்மின் வளைவு கணக்கைக் குழப்பாது. முன்னளவு பின்னளவை விட 3/32 அங்குலம் குறைய வேண்டும், ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர். கேம்பருக்கு மேசனின் தூக்குக்குண்டு. 14 அங்குல றிம்மில் 1 பாகை என்றால் நூலுக்கும் றிம்மின் அடிக்கும் கால் அங்குல இடைவெளி. தட்டையான நிலமும் நிதானமான கண்ணும் இருந்தால் இது எந்த இயந்திரத்துக்கும் சளைத்ததில்லை.

காஸ்டர் மட்டும் நூலுக்கு அகப்படாது. அதை அளக்க முன்வீலை இடத்துக்கும் வலத்துக்கும் 20 பாகை திருப்பி, கேம்பர் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட வேண்டும். இதை நான் சென்னையில்தான் கற்றேன். எங்கள் மைனர் ட்ரன்னியன் மாற்றிய பிறகும் பிரேக் போட்டால் ஒருபக்கம் இழுத்தது, அப்பா அதைப் பழகிக்கொண்டு ஓட்டினார். இன்று யோசித்தால், சில்லைத் தாங்கும் கீழ்க்கையை முன்பக்கம் பிடித்து நிற்கும் டை பாரின் இறப்பர் புஷ் நைந்திருக்க வேண்டும். பிரேக் போடும்போது கீழ்க்கை பின்னால் நகர, அந்தப் பக்கத்துக் காஸ்டர் மாறும். அந்தச் சென்னைத் திரை எங்களிடம் இருந்திருந்தால் இடமும் வலமும் பொருந்தாத இரண்டு எண்களை ஒரே பார்வையில் காட்டியிருக்கக்கூடும். தட்டுப்பாடு கையைக் கூர்மையாக்கியது என்று பெருமையாகச் சொல்லும் நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அந்தக் கைக்குக் கிடைக்காமல் போனதும் நிறைய.

எஞ்சின் மாற்றும் ஆசையிலும் இரு நாடும் எதிர்த்திசையில் போயின. இந்தியாவில் பழைய அம்பாசடருக்குள் மட்டடோர் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். மூக்குப் பாரம் கூடி முன்பக்கம் தாழ்ந்தது. இலங்கையில் மைனருக்குள் டட்சன் 1200 எஞ்சினை இறக்கினார்கள். பாரத்தை விட வேகம்தான் அங்கே கூடியது, நாற்பது மைலில் தெரியாத ஸ்டியரிங் நடுக்கம் புதிய காபட் வீதியில் வெளிப்பட்டது.  எஞ்சின் பாரத்தில் முன்பக்கம் தாழ்ந்தால், டோர்ஷன் பாரின் பின்முனைப் பிடியைக் கழற்றிப் பல் மாற்றிப் பூட்டி, உடலின் உயரத்தை முதலில் மீட்க வேண்டும். உயரம் சரியாகாமல் எடுக்கும் டோ அளவு வீண்.

போன முறை சென்னையில் அந்த அலைன்மென்ட் கடைக்குப் போனபோது, சென்சர் மாட்டும் முன் முன்வீலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். இளைஞர் கொஞ்சம் தயங்கிவிட்டு ஜாக்கி போட்டார். நான் மேலும் கீழுமாகப் பிடித்துக் காட்டினேன். ‘டக்.’ அவரே மறுபடி ஆட்டிக் கேட்டார். பிரேக்கை மிதித்துக் காட்டினேன், சத்தம் நிற்கவில்லை. அவர் குனிந்து டோர்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார்.

“ஆமா சார், பின்னுதான் போயிருக்கு. ஸ்பேர் நாளைக்கே வந்துடும், மாத்திட்டு அலைன்மென்ட் போட்டுக்கலாம்.”

அதே சத்தத்துக்கு அப்பாவின் காலத்தில் எங்கள் மெக்கானிக் சொன்ன பதில் வேறு. “காரை விட்டிட்டுப் போங்கோ. சாவகச்சேரியிலை ஒராளிட்டை இடப்பக்கத்துப் பின் ஒண்டு கிடக்குதாம், கேட்டுப் பாக்கிறன்.”