சாட்டை பின்னியவன் யார்?

1965ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று தமிழகத்துப் படக் கொட்டகைகளிலே ஒரு சாட்டை சுழன்றது. படம் 'எங்க வீட்டுப் பிள்ளை'. சுழற்றியவர் எம்.ஜி.ஆர். அடி வாங்கியே பழகிப்போன ராமு ஒருவன்; அடிப்பவனைத் திருப்பி அடிக்கத் துணிந்த இளங்கோ மற்றொருவன்; இருவருக்கும் உருவம் ஒன்றே. சொத்தையும் சாட்டையையும் தன் கையில் வைத்துக்கொண்டு ராமுவை வாட்டி வதைத்த அக்காள் கணவன் கஜேந்திரனாக நம்பியார் வருகிறார். ஒரு நாள் சாட்டை கை மாறுகிறது. அடித்தவன் துடிக்கிறான், அடிபட்ட வீடு நிமிர்கிறது. வாலி எழுத, விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைக்க, சௌந்தரராசன் பாடிய சாட்டைப் பாட்டிலே கொட்டகை அதிர்ந்தது. படம் வெள்ளிவிழாக் கண்டது.

அறுபது ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. அந்தச் சாட்டையை ஏந்திய கையைப் பற்றி ஏடுகள் எழுதின, மேடைகள் முழங்கின, சுவரொட்டிகள் பேசின. ஆனால், அந்தச் சாட்டையைப் பின்னிய கை எது? தோலைப் பதப்படுத்தி, வார் வாராக அறுத்து, இழை இழையாகப் பின்னியவன் யார்? கேட்டவர் உண்டா? பதிலளித்தவர் உண்டா? எழுதியவர்க்குப் பெயர் உண்டு. இசைத்தவர்க்குப் பெயர் உண்டு. இயக்கிய சாணக்கியாவுக்குப் பெயர் உண்டு. பின்னியவனுக்கு மட்டும் பெயரில்லை. திறனாய்வு தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

கடல் கடந்த நாடொன்றில் இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்கப் படமொன்றில் இந்தியானா ஜோன்ஸ் என்னும் பாத்திரம் தோல் சாட்டையுடன் உலகைச் சுற்றி வந்தது. அந்தச் சாட்டைகளைப் பின்னிய டேவிட் மார்கன் என்பவரின் பெயரை அத்துறையினர் இன்றும் மதிப்புடன் சொல்கின்றனர். 1972ஆம் ஆண்டிலேயே சாட்டை பின்னும் கலையைப் பற்றி அவர் நூலும் எழுதியிருந்தார். அவர் பின்னிய பத்தடிச் சாட்டையைப் போல, அதே நீளம், அதே பன்னிரண்டு இழை, அதே கங்காருத் தோல் என்று, நகல் செய்து மகிழ்வோர் பல நாடுகளிலே இருக்கின்றனர். அந்த வரிசையில் 1989ஆம் ஆண்டு வந்த படத்தின் சாட்டையொன்று 2025இல் அமெரிக்க ஏலத்தில் 5,25,000 டாலருக்கு விலைபோயிற்று!

இவ்வளவு விலையா ஒரு தோல் கயிற்றுக்கு என்று வியப்போர், அதன் வேலைப்பாட்டைச் சிறிது எண்ணிப் பார்க்கட்டும். மல்லாங்கிணற்றில் ஓர் இளைஞன் தன் கையால் அத்தகைய சாட்டையொன்று செய்ய முனைகிறான் என்று கொள்வோம். கங்காருத் தோலை ஏன் தேர்ந்தனர்? மெல்லியதாகச் சீவினாலும் எளிதில் அறாத உரம் அதற்கு உண்டு. நம் இளைஞனுக்கு அது எட்டாது, ஆட்டுத்தோல் எட்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் அறிவு இந்த மண்ணுக்குப் புதிதன்று; திண்டுக்கல்லும் வாணியம்பாடியும் அந்தத் தொழிலால் பெயர்பெற்ற ஊர்கள்.

பதனிட்ட தோலை வட்டமாக வைத்து, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி அறுத்தால், ஒட்டுப்போடாத நீண்ட வார் கிடைக்கும். அதை இழுத்து, நெகிழ்ச்சி நீக்கி, கைப்பிடிப் பக்கம் அகலமாகவும் நுனிப் பக்கம் குறுகலாகவும் சீராகச் சிறுக்க வேண்டும். ஓரங்களைச் சாய்வாகச் சீவ வேண்டும். இல்லையேல் பின்னல் மேடும் பள்ளமுமாகிவிடும். கொழுப்பும் சவர்க்காரமும் கலந்த மசகைத் தடவிப் பின்ன வேண்டும். வெளியே காண்பது ஒரு பின்னல்; உள்ளே அதற்கொரு பின்னல், அதன்மேல் ஒரு தோலுறை, மீண்டும் ஒரு பின்னல், மீண்டும் ஓர் உறை. நுனியை நெருங்க நெருங்க இழைகளை ஒவ்வொன்றாக உள்ளே மடக்கிவிட வேண்டும். பின்னி முடித்ததைப் பலகைகளுக்கிடையே வைத்து உருட்டினால்தான் உருண்டை திரளும். கடைசியில் ஒற்றை வார்; அதன் முனையில் முறுக்கிய நூற்குஞ்சம். ஓரிடத்திலே கை தளர்ந்தால் போதும், சாட்டை அந்த இடத்திலே முறியும். இது கலையன்றி வேறென்ன?

சாட்டை எழுப்பும் வெடியோசையிலும் விந்தை உண்டு, மாயம் இல்லை. கையிலிருந்து புறப்படும் வளையம் கனத்த பகுதியிலிருந்து மெலிந்த பகுதிக்கு ஓடுகிறது. எடை குறையக் குறைய விரைவு மிகுகிறது. நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலியையும் அது முந்துகிறது. முந்தும்போது காற்று அதிர்ந்து வெடிக்கிறது. அந்த வெடிப்புக்கு மூலம் ஓடிவரும் வளையமே என்று அரிசோனாப் பல்கலைக்கழகக் கணித அறிஞர் இருவர் 2002இல் கணக்கிட்டுக் காட்டினர். மனிதன் செய்த கருவிகளுள் ஒலியை முதலில் முந்தியது சாட்டையே என்பர். அதைப் பின்னியவன் கணிதம் படித்தவனல்லன். ஆனால் அவன் விரல்கள் கணிதம் அறிந்திருந்தன!

இத்துணை அறிவு உறையும் கருவியை நாம் என்ன செய்தோம்? நாமக்கல் மாவட்டத்துப் பவித்திரம் அருகே அச்சப்பன் கோயிலில், விசயதசமி நாளன்று பெண்களை வரிசையாக நிறுத்திப் பூசாரி சாட்டையால் அடித்துப் பேயோட்டும் காட்சியை அண்மை ஆண்டுகளிலும் ஏடுகள் வெளியிட்டன. ஒலியை வெல்லும் அறிவியல் நுனியிலே இருக்கிறது. பேயை நம்பும் அறியாமை பிடியிலே இருக்கிறது! அடிபடுவது பேயன்று, பெண்.

இனி நம் கரிசல் மண்ணுக்கு வருவோம். மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டைச் சீமையிலே கிணற்று நீரைக் கமலை இறைத்த காலத்தில், தோல் இல்லாமல் உழவு இல்லை. கமலைச் சாலுக்குத் தோல், மாட்டுக்கு வார், உழவனுக்குச் செருப்பு, வண்டியோட்டிக்குச் சாட்டை. இவ்வளவையும் செய்து தந்தவர்கள் அருந்ததிய மக்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்தும் இழிவையும் ஊர் அவர்கள் தலையிலேயே சுமத்தியது. அவர்கள் தைத்த செருப்பை ஊரார் அணிந்தனர். தைத்தவன் அதை அணிந்து ஊர்த்தெருவில் நடக்க உரிமையில்லை! அவர்கள் பதனிட்ட தோல் கிணற்றுக்குள் இறங்கி நீர் மொண்டது. பதனிட்டவன் அந்தக் கிணற்றைத் தொட்டால் தீட்டு! தோலுக்கு இல்லாத தீட்டு தொழிலாளிக்கு எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்விக்கு எந்தச் சாத்திரம் விடை சொல்லும்?

சாட்டை யார் முதுகில் விழுந்தது என்பதையும் கேட்க வேண்டும். தஞ்சைத் தரணியில் பண்ணையாட்களுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக வழங்கப்பட்டன. அதை எந்தத் திரைவீரனும் வந்து பறிக்கவில்லை. 1940களில் பி. சீனிவாசராவ் முதலான பொதுவுடைமைத் தோழர்கள் உழவுத் தொழிலாளரை அணிதிரட்டினர், அடிபட்ட முதுகுகள் ஒன்றுசேர்ந்து நிமிர்ந்தன, சவுக்கு தலைகுனிந்தது. அங்கே சாட்டை கை மாறவில்லை, கைவிடப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

திரைப்படத்தின் குறை இங்கேதான் இருக்கிறது. 1964இல் தெலுங்கில் 'ராமுடு பீமுடு'வாகத் தோன்றி, 1965இல் தமிழுக்கு வந்து, 1967இல் இந்தியிலே 'ராம் அவுர் ஷியாம்' ஆன அந்தக் கதை, மூன்று மொழியிலும் ஒன்றையே சொல்கிறது: கொடியவன் கையிலுள்ள சாட்டையை நல்லவன் பறித்துக்கொண்டால் தீமை தொலையும். பார்ப்பவன் நெஞ்சு குளிர்கிறது, மறுக்கவில்லை. அடங்கிக் கிடந்தவனுக்கு அக்காட்சி ஊட்டிய துணிவையும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால், சாட்டை இருக்கும் வரையில் அதற்கு ஒரு முதுகு தேவைப்படும் என்பதை அந்தக் கதை நினைவூட்டுவதில்லை. நல்லவன் வரும்வரை காத்திரு என்கிறது. நீயே ஒன்றுசேர் என்று சொல்வதில்லை.

இந்தியானா ஜோன்ஸ் வரிசையில் 1984இல் வந்த படம் இதற்கு இன்னொரு சான்று. இந்தியச் சிற்றூரின் குழந்தைகளைக் கடத்திச் சென்று, சுரங்கத்தில் சாட்டையால் அடித்து வேலை வாங்குகிறான் கொடியவன். சாட்டை ஏந்திய வெள்ளைக்கார வீரன் வந்து மீட்கிறான். இந்தியாவில் படம்பிடிக்க இசைவு கிடைக்காமையால் இலங்கையின் கண்டிப் பகுதியிலே எடுத்தார்கள்.

கதை அது. நடப்பு எது? அதே 1980களில், மல்லாங்கிணற்றுக்குத் தொலைவில்லாத சிவகாசி வட்டாரத்தில், விடியுமுன் எழுப்பப்பட்ட பிள்ளைகள் தீப்பெட்டி ஆலைகளுக்கு வண்டி வண்டியாகச் சென்றனர். அவர்களை ஓட்டிச்சென்றது தோல் சாட்டையன்று, வறுமைச் சாட்டை. அவர்களை மீட்க எந்த வீரன் வந்தான்? 1986ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகளை ஈடுபடுத்தத் தடைவிதித்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் வந்தது, பள்ளி வந்தது, பள்ளியிலே சோறு வந்தது.

அந்தச் சோற்றின் வரலாற்றையும் எண்ணுங்கள். விருதுநகரிலே பிறந்த காமராசர் 1950களில் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கினார். திரையிலே சாட்டை ஏந்தியவர், 1977இல் அருப்புக்கோட்டையில் வென்று முதலமைச்சராகி, 1982இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். சாட்டை சுழற்றிய எம்.ஜி.ஆரைவிடச் சட்டி நிறையச் சோறு வைத்த எம்.ஜி.ஆர். பிள்ளைகளுக்கு அதிகம் செய்தார் அன்றோ! ஆனால் நகல் எடுக்கப்படுவது எது? பரிசாக மேடையிலே தரப்படுவது எது? சாட்டைதான், சோற்றுக் கரண்டியன்று.

அப்படியானால் சாட்டை பின்னும் கலை அழியட்டும் என்கிறோமா? இல்லை. கமலை போய் நீரேற்றும் பொறி வந்தது. மாடு போய் உழவுப் பொறி வந்தது. வாரும் சாலும் தேவையற்றுப்போயின. தேவை அழிந்ததற்காக அறிவு அழிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு கலை வாழ்வதற்கும், ஒருவன் தலையில் அது கட்டப்படுவதற்கும் வேறுபாடு உண்டு. டேவிட் மார்கன் சாட்டை பின்னினார்; அவரை இன்ன சாதி என்று எவரும் ஊருக்கு வெளியே நிறுத்தவில்லை. இங்கே பின்னியவனின் மகன் பின்னியே ஆகவேண்டுமென்றனர். 1953இல் இராசாசி கொண்டுவந்த கல்வித் திட்டம், அரை நாள் பள்ளி, மறு அரை நாள் அப்பன் தொழில் என்றது. தோலறுத்தவன் மகனுக்கு அதன் பொருள் என்ன? எழுத்து அரை நாள். இழிவு அரை நாள்! குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயரிட்டது, போர் மூண்டது, 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது.

2009இல் அருந்ததியர்க்குத் தமிழகம் வழங்கிய மூன்று விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஏற்றது. வாரறுத்தவர் வீட்டுப் பிள்ளை மருத்துவராகவும் பொறியாளராகவும் வர வழி அகன்றது. அதே பிள்ளை, படித்த பின்னர், விரும்பினால் தோல் எடுத்துப் பின்னட்டும். அப்போது அது கலை. ஊரின் மேலத்தெருப் பிள்ளையும் அவனருகே உட்கார்ந்து தோல் சீவக் கற்கட்டும். அப்போதுதான் அது முழுமையான கலை. விருப்பத்தால் வருவது கைவினை. பிறப்பால் வருவது கைவிலங்கு.

தோழர்களே! படத்துச் சாட்டையைப் போல் நகல் செய்வோர் நீளத்தை அளக்கின்றனர், இழையை எண்ணுகின்றனர், நிறத்தை ஒப்பிடுகின்றனர். நன்று. அவர்கள் விட்டுவிடும் இரண்டையும் நாம் சேர்ப்போம். கைப்பிடியிலே பின்னியவன் பெயர் பொறிக்கப்படட்டும். அது விழுந்த முதுகுகளின் வரலாறு கூடவே சொல்லப்படட்டும். இவ்விரண்டும் இல்லாத நகல், வழிபாட்டுக்கு இன்னொரு சிலை. இவ்விரண்டும் கூடிய நகல், மக்களுக்கு ஒரு பாடம்.

சாட்டையை ஏந்தும் கையை வணங்கியது போதும். அதைப் பின்னிய கையைப் பற்றிக் குலுக்குவோம்!