முகமூடியும் சிமெண்டுத் தலையும்

லடாக்கின் ஹெமிஸ் மடாலயத்தில் பத்மசம்பவர் பெயரால் நடக்கும் விழாவுக்குப் போய்வந்து எழுதுகிறவர்கள், நான் படித்தவரை, ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். மூச்சு வாங்கும் ஏற்றம், நீண்ட கொம்புகள், முகமூடி நடனம், கடைசியில் மௌனம். அந்த 'சாம்' நடனத்தில் தீமையின் உருவாக ஒரு மாவுப் பொம்மையை வெட்டி எறிவதும் உண்டு. வெட்டு இவர்கள் கண்ணில் படுவதில்லை. சாந்தியை ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சேலம் பெரியேரியிலும் ஒரு வெட்டு இருக்கிறது. தலைவெட்டி முனியப்பன். தாமரைப் பீடம், தியான முத்திரை, சிமெண்டு வைத்து ஒட்டிய தலை. 2011இல் போடப்பட்ட வழக்கில், தொல்லியல் துறை அறிக்கையை ஏற்று, இது புத்தர்தான் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. அறிவிப்புப் பலகை வைக்கவும் பூஜையை நிறுத்தவும் சொன்னது.

தீர்ப்பு சரி. ஆனால் தலை போன சங்கதியை, என் வாசிப்பில், ஞாபகம் வைத்திருந்தது சாஸனம் அல்ல. கும்பிட்டவர்கள் வாயில் புழங்கிய பெயர். பலகையில் 'புத்தர்' மட்டும் மிஞ்சினால் பெயரோடு வெட்டும் போய்விடும். அப்புறம் இங்கேயும் மௌனத்தைப் பற்றித்தான் எழுதுவார்கள்.