பயர்பாக்ஸ் மந்தமானது ஏன்?

உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பு 2022 ஏப்ரலில் வெளிவந்தது. அதில் பயர்பாக்ஸ் உலாவி திறக்க நெடுநேரம் ஆகிறது என்ற முறையீடும் உடனே எழுந்தது. இத்தகைய வேளையில் பழைய கணிப்பொறி, போதாத நினைவகம், மந்தமான இணைய இணைப்பு என ஆளுக்கொரு காரணம் சொல்வது வழக்கம். உண்மையை அறிய உங்களுக்கு ஒரு கடிகாரமே போதும்.

உலாவி வெற்றுப் பக்கத்துடன் திறக்குமாறு அமையுங்கள். கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கி, உலாவி திறக்கும் நேரத்தைக் குறியுங்கள். மூடிவிட்டு உடனே மறுமுறை திறந்து, அந்த நேரத்தையும் குறியுங்கள். மறுமுறை நேரம் மிகக் குறைந்தால், இணைப்பின்மீது பழி போட இடமில்லை. இருமுறையும் அதே இணைப்புதானே! மாறியது யாது? முதல்முறை வட்டிலிருந்து படித்த கோப்புகளை லினக்ஸ் நினைவகத்தில் வைத்திருந்து, மறுமுறை அங்கிருந்தே எடுத்துத் தருகிறது.

22.04 பதிப்பின் தொல்லையும் இங்கேதான் இருந்தது. அதில் பயர்பாக்ஸ் ‘ஸ்னாப்’ என்னும் பொதியாக வந்தது. இப்பொதி வட்டில் சுருக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். வேண்டிய பகுதியை விரித்துத்தான் படிக்க வேண்டும். முதலில் கையாண்ட எக்ஸ்.இஸட். சுருக்கமுறை பொதியை மிகச் சிறிதாக்கும். ஆனால் விரிப்பதற்கு மையச் செயலகம் மிகுதியாக உழைக்க வேண்டும். பின்னர் எல்.இஸட்.ஓ. முறைக்கு மாற்றினார்கள். பொதி பெருத்தது, திறக்கும் நேரம் குறைந்தது. இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கிய பேரம் இது.

ஸ்னாப் முறையை முற்றிலும் பழிப்பது நியாயமன்று. மொசில்லாவே பொதியை வெளியிடுவதால் புதிய பதிப்புகள் விரைவில் கிடைக்கின்றன. கணிப்பொறியின் பிற பகுதிகளிலிருந்து உலாவியை ஒதுக்கிவைக்கும் காப்பும் உண்டு. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பழகிய நிறுவற்கட்டளையைக் கொடுத்தாலும் ஸ்னாப் பொதியே வந்து அமர்ந்தது. பெயர் பழையது, உள்ளிருக்கும் அமைப்பு புதியது என்றால், மந்தத்தின் காரணத்தைப் பயனர் எங்கே தேடுவார்?

எல்லா மந்தமும் இவ்வகையல்ல. திறந்தபின் பக்கத்தை உருட்டும்போதோ படக்காட்சியின்போதோ தடுமாறினால், முகவரிப் பெட்டியில் ‘அபவுட்:சப்போர்ட்’ என ஆங்கில எழுத்துகளில் அடித்துப் பாருங்கள். ‘கம்பாசிட்டிங்’ என்ற வரியில் ‘வெப்ரெண்டர் (சாப்ட்வேர்)’ என்றிருந்தால், திரையில் பக்கத்தை வரையும் வேலையும் மையச் செயலகத்தின் தலையில் விழுந்திருக்கிறது என்று பொருள். எந்தப் பக்கம் நினைவகத்தை விழுங்குகிறது என்பதை ‘அபவுட்:பிராசஸஸ்’ காட்டும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி அளக்கிறோம். இங்கும் அதுவே முறை. நல்ல கணிப்பொறியைக் கழித்துவிட்டுப் புதியது வாங்கக் கடன்படுமுன், அந்த இரண்டு நேரங்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.