நாணம் என்று பெயரிடப்பட்ட நரம்பு

இடையைப் பாடாத புலவர் இல்லை. கொடி என்றனர், துடி என்றனர், மின்னல் என்றனர்; உண்டோ இல்லையோ என ஐயுற்று, அந்த ஐயத்தையே அழகென அடுக்கிப் பட்டமும் பரிசும் பெற்றனர். அந்த இடைக்குக் கீழே, இடுப்பெலும்பின் அடியிலே, பத்துத் திங்கள் பிள்ளையைத் தாங்கி, பெறும்பொழுது தன் இயல்பான நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீண்டு கொடுத்து, பெற்றபின் மீண்டும் சுருங்கித் தன் பணிக்குத் திரும்ப வேண்டிய ஒரு தசைக் கூட்டம் இருக்கிறது. அதைப் பாடியவர் எவர்? பாட வேண்டாம், பெயரேனும் சொன்னவர் எவர்? 'இடுப்புத்தளத் தசை' என்று இன்று நாம் எழுதும் பெயர்கூட அயல்மொழி மருத்துவ நூலைப் பார்த்து ஆக்கிக்கொண்டதுதான்.

புலவரை விட்டுவிடுவோம், கற்பனை அவர் தொழில். உள்ளதை உள்ளவாறு உரைக்கக் கடமைப்பட்ட உடற்கூற்று அறிஞர் என்ன செய்தார்? இங்கு நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது காவியத்தை அன்று, கதையை அன்று; அவர் சூட்டிய சில பெயர்களை.

முதுகந்தண்டின் கடைப்பகுதியில் முக்கோண வடிவில் ஓர் எலும்பு உண்டு. இலத்தீனில் அதற்குப் 'புனித எலும்பு' என்று பெயர். நம் நூல்களும் அதைத் 'திருவெலும்பு' என்கின்றன. அந்தத் திருவெலும்பின் துளைகள் வழியே இறங்கி, இடுப்பின் அடித்தளத்தில் பரவி, சிறுநீர் வாயிலையும் மல வாயிலையும் இறுக்கும் தசைகளை இயக்கும் நரம்புக்குப் 'பியூடெண்டல்' நரம்பு என்று பெயர். அப்பெயரின் வேர் 'நாணுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல். 'பூடெண்டும்' என்றால் 'நாணத் தக்கது'. பெண்ணின் புற உறுப்பு முழுவதற்கும் மருத்துவ உலகம் நெடுங்காலம் வழங்கிய பெயர் அதுவே. எலும்பு புனிதமாம், அதிலிருந்து புறப்படும் நரம்பு நாணமாம்! ஒரு சாண் தொலைவுக்குள் புனிதம் எப்படி இழிவாயிற்று என்று ஒரு மாணவனும் பேராசிரியரைக் கேட்கவில்லை போலும். கேட்டிருந்தால் பெயர் இத்தனை நூற்றாண்டு நிலைத்திராது. 2019ஆம் ஆண்டில்தான் பன்னாட்டு உடற்கூற்றுச் சொல்லாக்கக் குழு 'பூடெண்டும்' என்ற சொல்லைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. நரம்பின் பெயரை நீக்கவில்லை. உறுப்புக்கு விடுதலை, நரம்புக்கு இல்லை!

இலத்தீனைக் கண்டு நகைக்கும் உரிமை நமக்கு உண்டா? நம் நாளேடுகளைப் புரட்டுங்கள். 'மர்ம உறுப்பு' என்று அச்சிடுகிறார்கள். மர்மமாவது! துப்பறியும் கதையா எழுதுகிறார்கள்? உலகில் பிறந்தோர் பெரும்பாலார் வெளிவந்த வழிக்கு 'மர்மம்' என்று பெயர் சூட்டும் எழுத்தாளரைவிட, 'அடி தள்ளுது' என்று நோயை நேராகச் சொல்லும் நாட்டுப்புறத்துக் கிழவி நூறு மடங்கு நல்ல உரைநடைக்காரி என்போம்.

பெயரில் என்ன இருக்கிறது என்பாரும் உளர். பெயரில்தான் இருக்கிறது. பெயரில்லாத உறுப்பின் நோயை மருத்துவரிடம் எந்தச் சொல்லால் சொல்வது? இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது ஒருத்திக்கு. 'பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான்' என்கிறாள் மாமியார். 'வயதானால் அப்படித்தான்' என்கிறாள் அண்டை வீட்டு அத்தை. அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறாள், திருமண வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறாள், பேருந்துப் பயணத்துக்கு அஞ்சுகிறாள். ஊழ் என்று அவள் ஒப்புக்கொண்ட அந்தத் தொல்லை பெரும்பாலும் வலுக்குன்றிய தசையின் தொல்லை. அத்தசையோ இதயத்தைப்போல் நம் விருப்பத்துக்கு அப்பாற்பட்டதன்று. கையைப்போல், காலைப்போல் நம் ஏவலுக்குக் கட்டுப்படுவது. ஏவத் தெரிந்தால் போதும்.

ஏவக் கற்றுக்கொடுக்கும் கலைக்கும் ஒரு பெயர்ச் சிக்கல் உண்டு. 'கெகல் பயிற்சி' என்று உலகம் அதை அழைக்கிறது. ஆர்னால்டு கெகல் அமெரிக்க மகளிர் மருத்துவர்; லாஸ் ஏஞ்சல்சில் பணியாற்றியவர்; 1948இல் தம் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். ஆனால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1936இல், நடனக் கலைஞரும் உடற்பயிற்சி மருத்துவருமான மார்கரெட் மாரிசும், இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மின்னி ராண்டலும் பேறுகாலப் பயிற்சி பற்றி நூல் எழுதி, இத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் முறையையும் அதில் கூறிவிட்டனர். ஆராய்ந்தவர் பெண், பயின்றவர் பெண், பயனடைந்தவர் பெண். பெயர் மட்டும் ஆணுக்கு! கெகலைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. அவர் செய்த பெரும்பணி வேறு. தசை இறுகும்போது எழும் அழுத்தத்தை முள் காட்டும்படி ஒரு கருவி செய்தார். தன் முயற்சியின் அளவைப் பெண் தன் கண்ணாலேயே காணச் செய்தார். கண்டறிந்து, அளந்து, திருத்திப் பயிற்றுவதே அவர் வகுத்த முறை.

அவர் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அவர் முறையைக் கைவிட்டார்கள். 'சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்குங்கள்' என்று ஒரு வரியைத் துண்டுத்தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று எண்ணும் மருத்துவமனைகள் எத்தனை! 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தனர். ஏறத்தாழப் பாதிப் பேரே சரியாகச் செய்தனர். நால்வரில் ஒருத்தி செய்த முறையோ கசிவைக் கூட்டக்கூடிய முறை. மேலே இழுக்க வேண்டியதைக் கீழே முக்கித் தள்ளினாள். தவறு அவளுடையதா, ஒரு வரியில் ஒரு கலையைக் கற்பிக்க முனைந்தவர் உடையதா?

இன்னொரு கொடுமையும் உண்டு. சிலருக்குத் தசை தளர்வதே நோயாக இருக்க, வேறு சிலருக்குத் தளராததே நோய். இறுகி இறுகி, விடத் தெரியாமல் நிற்கிறது அது. மணமான நாள் முதல் வலியால் துடிக்கும் பெண் அவள். 'ஒத்துழைக்காதவள்' என்று பெயர் வாங்குபவள். அவளிடம் போய் இறுக்கு இறுக்கு என்றால் நோய் முற்றும். அவளுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, தேர்ந்த பயிற்சியாளரின் பொறுமை.

பிள்ளை பெற்றவள் நோய்தானே என்பார்க்கு ஒரு செய்தி. துள்ளுவலை மீது குதித்து வித்தை காட்டும் சுவீடன் நாட்டுத் தேர்ந்த வீராங்கனைகள் 35 பேரை ஆராய்ந்த கட்டுரை 2002இல் வெளிவந்தது. 12 முதல் 22 வயதுக்கு உட்பட்ட, பிள்ளை பெறாத பெண்கள் அவர்கள். பயிற்சியின்போது சிறுநீர் கசிவதாகக் கூறினோர் நூற்றுக்கு எண்பதின்மர்! 2021இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 12 முதல் 17 வயதுப் பெண்களுக்கே பள்ளியில் இத்தசைகளைப் பற்றிக் கற்பிப்பதை எண்ணிப் பார்க்கச் சொன்னது. பூப்பு முதல் பேறுகாலம், மாதவிடாய் நின்று தசையும் திசுவும் மெலியும் காலம், முதுமை வரை இத்தசைக்கு ஓய்வே கிடையாது.

பயன் உண்டா என்று கேட்பது பகுத்தறிவாளர் உரிமை. 31 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1817 பெண்களையும் ஒருங்கே எடைபோட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2018இல் வந்தது. இருமல், தும்மலின்போது கசிவு உடையோருள், பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணமடைந்ததாகக் கூறினர். பெறாதவர்களில் 6 பேர். கிழிந்துபோன தசையையும், முற்றிய கருப்பை இறக்கத்தையும் பயிற்சி மட்டுமே சீராக்கும் என்று நாம் சொல்லவில்லை. அவற்றுக்கு வேறு மருத்துவம் வேண்டும். ஆனால் கத்தியை எடுக்குமுன் மூன்று திங்களாவது தேர்ந்தவர் மேற்பார்வையில் பயிற்சி என்பது இங்கிலாந்தின் நெறி: ஒரு முறைக்கு எட்டு இறுக்கமாவது, நாளுக்கு மூன்று முறை. பிரான்சிலோ பிள்ளை பெற்றவளுக்குப் பத்து அமர்வுகள் அளவில் இப்பயிற்சி எழுதிக் கொடுப்பது வழக்கம். செலவை நாட்டின் நலக் காப்பீடு ஏற்கிறது. அங்கு அது அருள் அன்று, உரிமை.

உரிமை என்ற சொல்லை நாம் மிகையாக வழங்கவில்லை. நேபாளத்தில் சிறுவயதில் மணமுடித்து, அடுத்தடுத்துப் பெற்று, பெற்ற சில நாளிலேயே விறகும் புல்லும் சுமந்து, கருப்பை இறங்கிய நிலையிலேயே வாழ்நாளைக் கழிக்கும் பெண்கள் திரளாக இருந்தனர். 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்நிலை பெண்ணின் இனப்பெருக்க நல உரிமையை மீறுவதாகும் எனத் தீர்ப்பளித்து, விழிப்புணர்வும் இலவச மருத்துவ உதவியும் தருமாறு அரசுக்கு ஆணையிட்டது. தாய்மையைத் தெய்வம் என்று பாடிய பாட்டுகள் அங்கும் ஆயிரம் இருந்திருக்கும்; சுமையை இறக்கிவைக்கச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

ஒவ்வொருத்திக்கும் தனித்தனிப் பயிற்சியாளருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கனடா நாட்டில் 60 வயது கடந்த 362 பெண்களை இரு பிரிவாக்கினர். முதலில் எல்லோருக்கும் தனியே, சரியான தசையை இறுக்கக் கற்றுக்கொடுத்தனர். பின்னர் ஒரு பிரிவினர் தனித்தனியாகவும், மறு பிரிவினர் எட்டெட்டுப் பேராகக் கூடியும் பன்னிரண்டு கிழமை பயின்றனர். ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது தனியே பயின்றோருக்குக் கசிவு நூற்றுக்கு 70 பங்கு குறைந்திருந்தது. கூடிப் பயின்றோருக்கு 74 பங்கு. 2020இல் வெளிவந்த முடிவு இது. வாரம் ஒரு மணி நேரம், ஓர் அறை, ஒரு பயிற்சியாளர், வாய் திறந்து பேசும் எட்டுக் கிழவிகள். இவற்றில் எது நம் ஆரம்ப நல நிலையங்களுக்கு எட்டாதது என்று அவற்றை நடத்துவோர் நமக்குச் சொல்லட்டும்.