எந்தச் சக்கரத்தைத் தூக்குவது?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்கும் கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிரேன் வருகிறது, காரின் முன்பக்கத்தைத் தூக்குகிறது, பின்சக்கரங்கள் சாலையில் உருள, கார் பணிமனைக்குப் போகிறது. கிரேன் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது கயிறு. "நியூட்ரலில் போடு, இழுத்துவிடலாம்" என்பதே சாலையோரத்தில் எல்லாரும் கூறும் யோசனை.

பெட்ரோல், டீசல் கார்களில் பலவற்றுக்கு இம்முறை நெடுங்காலம் பயன்பட்டது. மின்சார வாகனங்களுக்கும், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வாகனங்களுக்கும் இது பொருந்துமா? இதைப் பற்றி நமது சட்டமும், நிறுவனங்களின் கையேடுகளும், வாகனத்தின் எண் பலகையும் என்ன கூறுகின்றன? அவை கூறுவது போதுமா? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

நியூட்ரல் என்ற மயக்கம்

கியர் உள்ள சாதாரணக் காரில் நியூட்ரல் என்பது ஓர் உண்மையான பிரிவு. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. பெரும்பாலான மின்சாரக் கார்களில் அப்படி இல்லை. மோட்டார், பற்சக்கரம், சக்கரம் மூன்றும் எப்போதும் பிணைந்தே இருக்கின்றன. அங்கே நியூட்ரல் என்பது "மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பாதே" என்ற கட்டளை மட்டுமே. சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழன்றே தீரும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றும், சக்கரம் ஒரு முறை சுற்றினால் மோட்டார் 9 முறை சுற்றும் என்றும் கொள்வோம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் இழுத்துச் சென்றால் சக்கரம் 25,000 முறையும், மோட்டார் 2,25,000 முறையும் சுழல்கின்றன.

மோட்டார் சும்மா சுழன்றால் என்ன கெடுதி என்று கேட்கலாம். சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் காந்தத்தைச் சுழற்றுகிறது. கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இன்றைய மின்சார வாகனங்கள் பலவற்றில் இருப்பதும் நிலைக்காந்த மோட்டாரே. அதை வெளியிலிருந்து சுழற்றினால் அதுவும் டைனமோ ஆகிவிடும். வேகம் கூடக் கூட மின்னழுத்தமும் கூடும். அது மின்கலத்தின் அழுத்தத்தைத் தாண்டினால், கேட்பாரின்றி மின்னோட்டம் பாயும். அணைந்து கிடக்கும் வாகனத்தில் குளிரூட்டும் பம்பும் ஓடாது. வெப்பம் மிகுந்து மோட்டாரும் மின்கருவிகளும் பழுதாகலாம். தீப்பற்றும் ஆபத்தும் உண்டு.

1980இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50 மொபெட்டில், எஞ்சின் நின்றாலும் பெடலை மிதித்து வீடு சேரலாம். அதே ஓசூர் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஐக்யூப் ஸ்கூட்டரில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே அமைந்துள்ளது. இதில் எதை எதிலிருந்து பிரிப்பது? பழுதான ஸ்கூட்டரைப் பக்கத்து வண்டிக்காரர் காலால் தள்ளிக்கொண்டே போகும் காட்சி நம் ஊர்களில் சாதாரணம். சாலையோரம் வரை மெல்ல உருட்டி நகர்த்தினால் போதும். அதற்குமேல் 'குட்டி யானை' போன்ற சிறு சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்வதே முறை.

நான்கு சக்கரமும் இயங்கினால்

நான்கு சக்கர இயக்கமுள்ள டீசல் வாகனத்தில் முன் அச்சும் பின் அச்சும் ஒரு தண்டால் இணைக்கப்பட்டுள்ளன. வளைவுகளில் இரண்டும் சற்றே வேறு வேகத்தில் சுழல இடந்தரும் இணைப்பு ஒன்று பலவற்றில் நடுவில் உண்டு. முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தை உருட்டினால் என்ன ஆகும்? ஓர் அச்சு அசையாமல் நிற்க, மற்றது ஓடுகிறது. இடையில் உள்ள இணைப்பு வழி முழுவதும் உராய்ந்து சூடேறுகிறது. அல்லது தூக்கிய சக்கரங்களும் சுழலத் தொடங்குகின்றன. இரண்டு மோட்டார் கொண்ட மின்சாரக் காரிலோ எந்தச் சக்கரம் உருண்டாலும் ஒரு மோட்டார் சுழலும். ஆகவே இவ்வகை வாகனங்களுக்கு நான்கு சக்கரங்களும் தரையில் படாமல், தட்டையான தளமுள்ள லாரியில் ஏற்றுவதே பாதுகாப்பானது.

சட்டம் கேட்கும் கேள்வி

2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் இழுத்துச் செல்வதைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. இழுக்கப்படும் வண்டியில் உரிமம் பெற்றவர் அமர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் ஸ்டியரிங்கால் திரும்பும் சக்கரங்களைத் தரையிலிருந்து உறுதியாகத் தூக்கிவைக்க வேண்டும். இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இவை நல்ல விதிகள். சூளகிரிப் பகுதியின் சரிவுகளில் கயிற்றால் இழுக்கும்போது, எஞ்சின் ஓடாத வண்டியின் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். அப்போது பிறரைக் காப்பவை இத்தகைய விதிகளே.

ஆனால் குறையும் இங்கேதான் இருக்கிறது. எந்தச் சக்கரம் திரும்புகிறது என்று சட்டம் கேட்கிறது. எந்தச் சக்கரம் மோட்டாருடன் பிணைந்திருக்கிறது என்று கேட்கவில்லை. டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் மோட்டார் முன்சக்கரங்களை இயக்குகிறது. அதன் முன்பக்கத்தைத் தூக்கினால் சுழல்வன வெறும் சக்கரங்களே. எம்.ஜி. காமெட் காரில் மோட்டார் பின்சக்கரங்களை இயக்குகிறது. அதன் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் சட்டத்துக்குக் குறையில்லை, மோட்டாருக்கோ கேடு.

கையேடும் எண் பலகையும்

கையேடுகளில் விடை உண்டு. முன்சக்கர இயக்கமுள்ள நிசான் லீஃப் காரின் கையேடு, முன்சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுக்கவே கூடாது என்கிறது. டெஸ்லா கார்களின் கையேடு, நான்கு சக்கரங்களும் தரையைத் தொடக்கூடாது என்கிறது. அறிவுரை சரியானது, அது இருக்கும் இடந்தான் தவறு. காருக்குள் அடைபட்ட தடித்த ஆங்கிலப் புத்தகத்தை, நள்ளிரவில் லாரிகள் உறுமிச் செல்லும் சாலையோரத்தில் கிரேன் ஓட்டுநர் புரட்டிக்கொண்டிருக்க முடியுமா?

எண் பலகை வெளியில் தெரிகிறது. 2018 முதல் மின்சார வாகனங்களுக்குப் பச்சைப் பலகை வழங்கப்படுகிறது. அது "நான் மின்சார வண்டி" என்று சொல்கிறது. "என் எந்தச் சக்கரத்தை உருட்டாதே" என்று சொல்வதில்லை. தீயணைப்பு வீரர்களுக்கு உதவ ஐ.எஸ்.ஓ. 17840 என்ற பன்னாட்டுத் தரம் வாகன அடையாளக் குறிகளையும் மீட்புத் தாள்களையும் வகுத்துள்ளது. அத்தகைய எளிய குறி ஒன்று, கொக்கி மாட்டும் இடத்தருகே, கிரேன் ஓட்டுநருக்கும் வேண்டும். நான்கு வட்டங்கள் வரைந்து, உருளக் கூடாத சக்கரங்களைச் சிவப்பாகக் காட்டினால் போதும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் இந்த எல்லைப் பகுதியில் படமே பொதுமொழி.

ஓசூரில் ஏத்தர், டி.வி.எஸ்.; போச்சம்பள்ளியில் ஓலா என மின்சார வாகனத் தொழில் வேரூன்றிய வட்டாரம் இது. வாகனத்தைச் செய்யும் அறிவு இங்கே இருக்கிறது. பழுதானால் தூக்கிச் செல்லும் அறிவு சாலைக்கு வந்து சேரவில்லை. மோட்டார் கருகினால் பழி கிரேன் ஓட்டுநர் மீது விழுகிறது. செலவு உரிமையாளர் மீது விழுகிறது. விவரத்தை மறைவாக வைத்தவர்களை யாரும் கேட்பதில்லை.

குறி வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டு வாகனத்தின் கையேட்டில் இழுத்துச் செல்வது பற்றிய பக்கத்தை இன்றே படியுங்கள். எந்தச் சக்கரம் உருளக்கூடாது என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதி, முன் கண்ணாடியின் உட்புறம் ஓரத்தில் ஒட்டிவையுங்கள். நெடுஞ்சாலையில் 1033 எண்ணை அழைத்து உதவி கேட்கும்போது, வண்டி மின்சார வண்டி என்பதையும் எச்சக்கர இயக்கம் என்பதையும் முதலிலேயே கூறுங்கள். "நியூட்ரலில் போட்டாயா?" என்பது பழைய கேள்வி. "உருளும் சக்கரம் எதனோடு பிணைந்திருக்கிறது?" என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.