எல்விஸ் பிரெஸ்லி: தோழர்களும் இணையான கலைஞர்களும்

எல்விஸ் பிரெஸ்லி (1935–1977) அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டுபெலோ என்ற ஊரில் பிறந்து, டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் வளர்ந்த பாடகர். 'ராக் அண்ட் ரோலின் அரசர்' என்பது அவருக்கு வழங்கும் பட்டம். பட்டம் பெருமைக்குரியதுதான். ஆனால் அரசர் என்றால் அவருக்கு இணையானவர் யாரும் இல்லை என்று பொருளாகிவிடுகிறது. எல்விஸுக்கு இணையானவர்கள் பலர் இருந்தார்கள்; அதை அவரே அறிந்திருந்தார். அவருடைய சிறந்த இசை பிறந்த இடங்களைப் பார்த்தால், பக்கத்தில் அவருக்கு நிகரான கலைஞர்கள் இருந்த இடங்களாகவே அவை இருக்கின்றன. இக்கட்டுரை அந்தக் கோணத்தில் அவரது நட்புகளை மதிப்பிடுகிறது.

மூவராகத் தொடங்கிய இசை

1954 ஜூலை 5 அன்று மெம்பிஸில் சாம் பிலிப்ஸ் நடத்திய சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ், கிட்டார் கலைஞர் ஸ்காட்டி மூர், பாஸ் கலைஞர் பில் பிளாக் ஆகிய மூவரும் கூடினர். மெதுவான பாடல்கள் சிலவற்றை முயன்றும் எதுவும் சரியாக அமையவில்லை. இடைவேளையில் எல்விஸ், ஆர்தர் குருடப் 1946இல் பதிவு செய்த 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலை விளையாட்டாகத் துள்ளிக்கொண்டே பாடத் தொடங்கினார். பிளாக் சேர்ந்துகொண்டார், மூரும் கிட்டாரை எடுத்தார். பிலிப்ஸ் அதைப் பதிவு செய்தார். அதில் டிரம்ஸ் இல்லை; மூவரின் தாளமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கிறது.

சன் இசைத்தட்டுகளில் எல்விஸின் பெயருக்குக் கீழே 'ஸ்காட்டி, பில்' என்ற பெயர்களும் அச்சாகியிருந்தன. 1955 நவம்பரில் பிலிப்ஸ் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்சிஏ நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார். அதன்பின் புகழும் பணமும் ஒருவரிடம் மட்டுமே சேர்ந்தன. மூருக்கும் பிளாக்கிற்கும் கிடைத்தது வாரச் சம்பளம்: பயணத்தில் 200 டாலர், ஊரில் இருக்கும்போது 100 டாலர். 1957 செப்டம்பரில் இருவரும் விலகினர். பின்னர் சில பணிகளுக்குத் திரும்பி வந்தார்கள் என்றாலும், மூவராக இருந்த காலம் அதோடு முடிந்தது.

1956 டிசம்பர் 4

அன்று சன் கூடத்தில் கார்ல் பெர்கின்ஸ் பாடல் பதிவு செய்துகொண்டிருந்தார். பியானோ வாசிக்க வந்தவர் அப்போது பலரும் அறியாத ஜெர்ரி லீ லூயிஸ். ஜானி கேஷும் இருந்தார். அந்த ஆண்டிலேயே நாடறிந்தவராகிவிட்ட எல்விஸ், பழைய இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே வந்தார். பியானோவைச் சுற்றி நின்று பாடத் தொடங்கினார்கள். பொறியாளர் ஜாக் கிளெமென்ட் ஒலிநாடாவை ஓடவிட்டார். உள்ளூர்ப் பத்திரிகை அவர்களை 'மில்லியன் டாலர் நால்வர்' என்றது. அந்தப் பதிவு 1981இல்தான் ஐரோப்பாவில் முதன்முதலாக வெளியானது.

அதை முழுமையான கச்சேரி என்று எண்ணிக் கேட்பவர் ஏமாறுவார். பாடல்கள் பாதியில் நிற்கின்றன, பேச்சு குறுக்கிடுகிறது. கேஷின் குரலைத் தெளிவாகக் கேட்க முடியவில்லை. தாம் ஒலிவாங்கியிலிருந்து தள்ளி நின்றதாக அவர் பின்னாளில் எழுதினார். பாடல்களில் பெரும்பங்கு தேவாலயப் பாடல்கள். நால்வரும் தெற்கத்திய ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். சிறுவயதில் அவர்கள் தேவாலயத்தில் கேட்ட பாட்டே அவர்களை இணைக்கிறது. அங்கே யாரும் யாருக்கும் அரசர் இல்லை. ஒருவர் அடியை மறந்தால் மற்றவர் எடுத்துக் கொடுக்கிறார்.

இந்தப் பதிவில் திறனாய்வு நோக்கில் முதன்மையானது ஒரு பேச்சு. லாஸ் வேகஸில் பில்லி வார்டின் 'டாமினோஸ்' குழுவில் பார்த்த ஒரு கறுப்பினப் பாடகரைப் பற்றி எல்விஸ் சொல்கிறார். அவர் பாடியது எல்விஸின் 'டோன்ட் பி க்ரூயல்'. தன் இசைத்தட்டைவிட அவர் நன்றாகப் பாடினார் என்று எல்விஸ் மனம்விட்டுச் சொல்லி, அவரைப் போலவே பாடியும் காட்டுகிறார். அவரைக் கேட்கவே பல இரவுகள் திரும்பப் போயிருக்கிறார். அந்தப் பாடகர் ஜாக்கி வில்சன். எல்விஸுக்கு அப்போது பெயர்கூடத் தெரியாது. 21 வயதில் உச்சியில் நிற்கும் ஒருவர், தன் வெற்றிப் பாடலைத் தன்னைவிட நன்றாகப் பாடியவரிடம் பாடம் கேட்கிறார். கலைஞனின் நேர்மை இது.

பெர்கின்ஸுடனான உறவும் இதே தன்மையது. 'புளூ ஸ்வேட் ஷூஸ்' பெர்கின்ஸ் எழுதிப் பாடிய பாடல். 1956 மார்ச்சில் நியூயார்க் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் அவர் கார் விபத்தில் படுகாயமடைந்தார். அதே பாடலை எல்விஸும் பாடி வெளியிட்டார். விற்பனைப் பட்டியலில் பெர்கின்ஸின் பதிவே மேலே நின்றது. ஆனால் இன்று பலரும் அதை எல்விஸ் பாடலாகவே அறிவார்கள். அப்படியிருந்தும் இருவருக்குமிடையே கசப்பு வளரவில்லை என்பதற்கு அந்த டிசம்பர் ஒலிநாடாவே சான்று.

கறுப்பினக் கலைஞர்களும் கடனும்

மூன்று நாள் கழித்து, டிசம்பர் 7 அன்று, மெம்பிஸின் கறுப்பின வானொலியான டபிள்யூடிஐஏ நடத்திய உதவி நிதி நிகழ்ச்சிக்கு எல்விஸ் சென்றார். இன ஒதுக்கல் சட்டங்கள் நடப்பிலிருந்த நகரம் அது. அங்கே பி.பி. கிங்குடன் அவர் நின்ற புகைப்படம் புகழ்பெற்றது. கிங் பின்னாளில் அவரைப் பற்றி மதிப்போடுதான் பேசினார். 1957இல் எல்விஸ் இனவெறிச் சொல் ஒன்றைச் சொன்னதாக வதந்தி பரவியபோது, கறுப்பின வாசகர்களுக்கான 'ஜெட்' இதழ் விசாரித்து, அதற்கு ஆதாரமில்லை என்று எழுதியது. 1969இல் லாஸ் வேகஸில் செய்தியாளர் முன்னிலையில், உண்மையான அரசர் ஃபேட்ஸ் டாமினோதான் என்று எல்விஸ் அவரைச் சுட்டிக்காட்டினார்.

இவை எல்விஸின் நல்ல மனத்தைக் காட்டுகின்றன. ஆனால் மதிப்பது வேறு, பங்கு கொடுப்பது வேறு. 'ஹவுண்ட் டாக்' பாடலை முதலில் பாடிப் புகழ்பெறச் செய்தவர் பிக் மாமா தார்ன்டன். அதனால் தமக்குக் கிடைத்தது 500 டாலர்தான் என்று அவர் சொல்லிவந்தார். குருடப் தமக்குரிய ராயல்டிக்காகக் கடைசிவரை போராடினார். 'டோன்ட் பி க்ரூயல்' பாடலை எழுதியவர் ஓடிஸ் பிளாக்வெல். ஆனால் எழுதியவர் பெயருடன் எல்விஸின் பெயரும் சேர்ந்தது. அப்படி ஒப்புக்கொண்டால்தான் பாட்டு பதிவாகும் என்பது அன்றைய வியாபார ஏற்பாடு. இவற்றையெல்லாம் எல்விஸ் தாமே திட்டமிட்டார் என்று சொல்வதற்கில்லை. இவை மேலாளர் டாம் பார்க்கரும் பதிப்பு நிறுவனங்களும் இசைத் தொழிலும் சேர்ந்து செய்தவை. ஆயினும் அந்த ஏற்பாட்டின் பெரும்பயன் அவருக்குத்தான் சேர்ந்தது. வாயாரப் புகழ்ந்ததால் மட்டும் அந்தக் கடன் தீர்ந்துவிடாது.

சம்பளத் தோழர்கள்

1960களில் எல்விஸின் நாட்கள் திரைப்படங்களில் கழிந்தன. அவரைச் சுற்றி 'மெம்பிஸ் மாஃபியா' என்று பத்திரிகைகள் பெயரிட்ட நண்பர் வட்டம் இருந்தது. ரெட் வெஸ்ட் போன்ற பள்ளிக்காலத் தோழர்களும் அதில் உண்டு. பலர் அவரிடம் சம்பளம் வாங்கினார்கள். சம்பளம் கொடுப்பவரிடம் 'இந்தப் பாட்டு நன்றாக இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வது எளிதன்று. அக்காலப் படப் பாடல்கள் பலவற்றில் தெரியும் சலிப்புக்கு இதுவும் ஒரு காரணம். 1965 ஆகஸ்டில் பீட்டில்ஸ் நால்வரும் அவரது கலிபோர்னியா வீட்டுக்கு வந்தார்கள். அந்தச் சந்திப்பிலிருந்து ஒலிப்பதிவு எதுவும் இல்லை. 1956இன் தற்செயலான ஒரு பிற்பகல் தந்ததை இந்த ஏற்பாடு செய்த சந்திப்பு தரவில்லை.

அந்த வட்டத்தை ஒட்டுமொத்தமாகப் பழிப்பதும் சரியன்று. சார்லி ஹாட்ஜ் அவருடன் சேர்ந்து பாடிய இசைக்கலைஞர். 1969இல் மெம்பிஸிலேயே, சிப்ஸ் மோமனின் கூடத்தில் பாடுமாறு வற்புறுத்தியவர்கள் மார்ட்டி லாக்கரும் ஜார்ஜ் கிளைனும். நண்பர்கள் துணிந்து பேசியபோது பலன் கிடைத்தது என்பதற்கு இது சான்று.

மீண்டும் இணையானவர்களோடு

1968 டிசம்பரில் ஒளிபரப்பான என்பிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்விஸ் ஒரு சிறு மேடையில் மூர், டிரம்ஸ் கலைஞர் டி.ஜே. ஃபோன்டானா, ஹாட்ஜ் முதலியோருடன் வட்டமாக உட்கார்ந்தார். பிளாக் 1965இலேயே இறந்துவிட்டார். மூரின் மின்கிட்டாரை வாங்கி எல்விஸே வாசிக்கிறார், சிரிக்கிறார், பழைய கதை பேசுகிறார், குரலில் முரட்டு வலிமை திரும்புகிறது. மூர் அவரோடு வாசித்தது அதுவே கடைசி. அடுத்த ஆண்டு மோமன் 'சஸ்பிஷியஸ் மைண்ட்ஸ்' பாடலின் உரிமையில் எல்விஸ் தரப்பினர் பங்கு கேட்டபோது மறுத்தார். அந்தப் பாடலே அமெரிக்கப் பட்டியலில் எல்விஸ் முதலிடம் பெற்ற கடைசிப் பாடல். தலையாட்டாத ஒருவர் எதிரே இருந்ததால் பாட்டு கெட்டுவிடவில்லை.

மதிப்பீடு

எல்விஸின் வீழ்ச்சிக்கு நட்பு வட்டம் ஒன்றையே காரணமாக்க முடியாது. 1970களில் ஜேம்ஸ் பர்ட்டன் போன்ற தேர்ந்த கலைஞர்கள் அவரோடு வாசித்தார்கள். அப்படியிருந்தும் மருந்துப் பழக்கமும் உடல்நலக் கேடும் ஓய்வில்லாத மேடை ஒப்பந்தங்களும் அவரை வீழ்த்தின. 1976இல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ரெட் வெஸ்ட் உள்ளிட்ட மூவர் அவரது பழக்கங்களை வெளிப்படுத்தும் நூலை வெளியிட்டார்கள். அது வந்த இரண்டு வாரத்தில், 1977 ஆகஸ்ட் 16 அன்று எல்விஸ் இறந்தார். அருகில் இருந்து சொல்லித் திருத்தியிருக்க வேண்டியது, கடையில் விற்கும் புத்தகமாக வந்தது.

எல்விஸை முதன்முறையாகக் கேட்கும் மாணவர்கள் அவரது வெற்றிப் பாடல்களின் தொகுப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. குருடப், தார்ன்டன், பெர்கின்ஸ் ஆகியோரின் மூலப் பதிவுகளைக் கேட்டுவிட்டு, அவற்றின் பக்கத்தில் எல்விஸின் பதிவுகளை வைத்துக் கேட்கலாம். அவர் எதைக் கடன் வாங்கினார், எதைத் தாமே சேர்த்தார் என்பது காதுக்கே புலப்படும். அப்படிக் கேட்பதால் அவரது மதிப்பு குறையாது. மற்றவர்களுக்குச் சேர வேண்டிய மதிப்பு அவர்களுக்கும் போய்ச் சேரும்.