மூடிய பள்ளியின் முகங்கள்

மாண்டவர்களைப் போற்ற எழும் நினைவகங்களில் பெரும்பாலானவை அவர்கள் அனைவரையும் ஒரே முகமாக்கி விடுகின்றன. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவிலுள்ள ஹிமெயுரி அமைதி அருங்காட்சியகம் இக்குறைக்கு ஆளாகவில்லை. நாம் அதை இங்கு எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

1945 மார்ச் 23 இரவு, அத்தீவின் மகளிர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி, முதலாம் மகளிர் உயர்நிலைப் பள்ளி ஆகிய இரண்டிலிருந்தும் 222 மாணவியரும் 18 ஆசிரியர்களும் இராணுவ மருத்துவமனைப் பணிக்குச் சென்றனர். மருத்துவமனை எனப்பட்டது குகைகளே. அமெரிக்கப் படை நெருங்கிய ஜூன் 18 அன்று, அணி கலைக்கப்பட்டதாக ஆணை வந்தது. குண்டுமழைக்கு நடுவே அவரவர் வழியை அவரவர் தேட வேண்டியதாயிற்று. 240 பேரில் 136 பேர் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்த ஆணைக்குப் பிந்திய சில நாட்களில் மாண்டவர்கள். இரு பள்ளிகளும் பிறகு திறக்கப்படவே இல்லை. பள்ளியை இழந்த அதன் முன்னாள் மாணவியர் சங்கமே 1989இல் இந்த நினைவகத்தை எழுப்பியது.

திரைப்படங்கள் இவர்களைத் தூய தியாகக் கன்னியராக்கிக் கண்ணீர் பெற்றன. நினைவகம் அவ்வழியில் செல்லவில்லை. அங்குள்ள இருநூறுக்கும் மேற்பட்ட உருவப்படங்களுடன் பெயர், இயல்பு, மாண்ட விதம் ஆகியவை சில வரிகளில் தரப்பட்டுள்ளன. அரபியில் 'தபகாத்' நூல்களைப் பயின்றோருக்கு இம்முறை புதிதன்று. ஒருவரின் குணத்தை ஒரே வரியில் நிறுத்தும் அக்கலை எத்துணைக் கடினமானது என்பதை நாம் அறிவோம். புகழுரையை அடுக்குவது அதனினும் எளிது.

உயிர் தப்பியோர் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. தோழியர் மாளத் தாம் பிழைத்தோமே என்னும் குற்ற உணர்வு அவர்களைத் தடுத்தது. பின்னர் அவர்களே சாட்சிகளாக நின்று பார்வையாளரிடம் பேசினர். 2015இல் முதுமை காரணமாக அப்பணியை நிறுத்தினர். 2021இல் புதுப்பிக்கப்பட்ட காட்சியில், மாணவியர் சிரித்து மகிழ்ந்த பள்ளி நாட்கள் ஓவியங்களாக இடம்பெற்றன. இது துயரத்தை மென்மையாக்கும் என்று சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. இழந்தது இன்னதென்று அறியாத இளையோர் எதற்காக வருந்துவர்?

நம் மனக்குறை வேறு. பேரரசருக்காக உயிர் துறப்பதே கடமை என்று போதித்த கல்வியை நினைவகம் மறைக்கவில்லை. ஆயினும் அக்கல்வி ஒரு காலத்தின் குற்றமாகவே அங்கு நிற்கிறது. வகுப்பறையில் அதை எடுத்துரைத்தவர்களின் பங்கு போதிய அளவு வினவப்படவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. உடன் சென்ற 18 ஆசிரியர்களில் 13 பேர் மாண்டனர். மாண்ட ஆசிரியரைக் கேள்வி கேட்க மாணவியின் நா எழாது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம்தாம் அதைக் கேட்டிருக்க வேண்டும்.